சாளக்கிராமத்தைக் குடைந்தது யார்?

நம்பிக்கை: சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம், வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து செதுக்கியது.

உண்மை: எந்தப் புழுவும் குடையவில்லை. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் இந்தக் கறுப்பு உருண்டைகளுக்குள் சுருண்டு கிடப்பது அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு, அல்லது அது பதிந்த அச்சு. வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். கடலடிச் சேற்றில் புதைந்த ஓட்டைச் சுற்றிச் சேறு இறுகிக் கல்லானது. பின்னால் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோத, அந்தக் கடலடியே இமயமலையாக எழும்பியது. பூஜையறையில் அந்தக் கல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு விஷயம். அதில் புவியியலுக்கு வேலையில்லை.

நம்பிக்கை: அந்த அம்மோனைட்டின் நேரடி வாரிசுதான் இன்றும் கடலில் நீந்தும் நாட்டிலஸ்.

உண்மை: படித்தவர்களும் ஏமாறுகிற இடம் இது. ஏமாறக் காரணமும் உண்டு. இரண்டுக்கும் சுருள் ஓடு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு, அறைகளை ஊடுருவிச் செல்லும் ஒரு குழாய். ஓட்டைக் குறுக்கே அறுத்தால்தான் சாயம் வெளுக்கும். நாட்டிலஸின் குழாய் தடுப்புகளின் நடுப்பகுதி வழியாகப் போகிறது. அம்மோனைட்டுக்குப் பெரும்பாலும் வெளியோரத்தை ஒட்டி. நாட்டிலஸின் தடுப்பு ஓட்டைத் தொடும் கோடு எளிய வளைவு. அம்மோனைட்டிலோ அது கொத்தமல்லி இலையின் ஓரம்போல நெளிந்து பிரிகிறது.

வாய்க்குள்ளும் சாட்சி இருக்கிறது. பற்கள் பதிந்த நாக்குப்பட்டையின் ஒவ்வொரு வரிசையிலும் நாட்டிலஸுக்கு 13 உறுப்புகள், அம்மோனைட்டுக்கு 9. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் அதே 9. ஆக, உருவத்தில் ஒட்டாத கணவாய்தான் அம்மோனைட்டுக்கு நெருங்கிய சொந்தம். அச்சு அசலாகத் தெரியும் நாட்டிலஸ் தூரத்துப் பங்காளி.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவில் அம்மோனைட் கூட்டம் வாரிசில்லாமல் போனது. நாட்டிலஸ் வம்சம் தப்பியது. முட்டையிலிருந்து வரும்போதே நாட்டிலஸ் குஞ்சு சுமார் 2.5 செ.மீ. இருக்கும். அம்மோனைட் குஞ்சுகளோ பெரும்பாலும் 1 மி.மீ. அளவில், மேல்நீரில் மிதந்தவை. அந்த மேல்நீர் கெட்டதுதான் அவற்றுக்கு எமனானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நம்பிக்கை: பெரம்பலூர், அரியலூர் பக்கம் கிடைக்கும் உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டை.

உண்மை: 2020இல் பெரம்பலூர் பக்கத்துக் குன்னத்தில் இப்படித்தான் பரபரப்பு கிளம்பியது. சோதித்தபோது முட்டை இல்லை. அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட படிவு.

இந்தப் படிவங்களைப் பார்க்க விரும்புவோர் அரியலூர் பக்கத்து வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெரம்பலூர் பக்கத்துக் காரை என்ற ஊரின் ஓடைகளில் கிடப்பதைப் பொறுக்கி வர வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத படிவத்தின் வயதைச் சொல்வது ஆய்வாளருக்கும் கடினம்.