கோல் கீப்பரை மாற்றலாமா? ஒரு ஹாக்கிப் பாடம்

எங்கள் மின்னி பேயில் மாலையில் தேநீர்க் கடைப் பக்கம் போனால் இரண்டு கட்சிகளைப் பார்க்கலாம். அரசியல் கட்சிகள் அல்ல, ஹாக்கிக் கட்சிகள்! கடற்படைக் குடும்பங்கள் நிறைந்த இடம் இது. பஞ்சாப், ஒடிசா, கேரளம் என்று ஹாக்கி தெரிந்த மாநிலத்து மக்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். நம்மவர்களிலோ கோவில்பட்டிக்காரர்கள் சிலர் உண்டு. கோவில்பட்டிக்காரரிடம் ஹாக்கியைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டுச் சீக்கிரம் வீடு திரும்ப நினைப்பது நடக்காத காரியம்.

"ஸ்ரீஜேஷ் நின்னவரைக்கும் நிம்மதியா உக்காந்து பாத்தோம் சார். இப்ப பாதி ஆட்டத்துக்கு ஒருத்தன், மீதி ஆட்டத்துக்கு இன்னொருத்தன். கோல்ல எவன் நிக்கான்னே தெரியல" என்றார் கோவில்பட்டி அண்ணாச்சி.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பையனை அஞ்சு நிமிஷத்துல வெளிய கூப்பிட்டு உக்கார வைக்கிறாங்களே, அது எந்த ஊரு நியாயம்?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

நான் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே தீர்ப்பு என்னிடம் வந்தது. அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் நம் வாசகர்களுக்கும், முக்கியமாகத் தொலைக்காட்சி முன் உட்காரும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். களத்தில் ஓடுகிறவரை மாற்றுவதும் கோல் கீப்பரை மாற்றுவதும் ஒரே காரியம் அல்ல. முன்னது மூச்சைப் பற்றியது. பின்னது நம்பிக்கையைப் பற்றியது.

மூச்சுக் கணக்கை முதலில் பார்ப்போம். ஹாக்கி ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். பழைய புல்தரையில் பந்து தட்டித் தடுமாறி வரும், ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதன்பிறகு பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது, அதன் பின்னால் ஆட்டக்காரரும் நிற்காமல் ஓட வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் விதியும் மாறியது. எத்தனை பேரை வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே போனவர் இளைப்பாறிவிட்டுத் திரும்பவும் உள்ளே வரலாம். இதற்காக ஆட்டம் நிற்பதில்லை, மைய கோட்டின் அருகே ஒருவர் வெளியேற இன்னொருவர் நுழைவார். 2014 முதல் பன்னாட்டு ஆட்டங்கள் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகளாயின. ஆட்டத்தின் வேகம் இன்னும் கூடியது.

ஆகவே ஐந்து நிமிடத்தில் வெளியே அழைக்கப்படும் முன்கள ஆட்டக்காரர் தண்டிக்கப்படவில்லை. அந்த ஐந்து நிமிடமும் மிச்சம் வைக்காமல் ஓடு என்பதுதான் அவருக்கு இட்ட கட்டளை. டொராண்டோவில் உறவினர் இருப்பவர்கள் பனிக்கட்டி ஹாக்கி பார்த்திருப்பார்கள். அங்கே முன்கள மூவர் ஒரு வரிசையாக நுழைந்து, ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெளியேறி, அடுத்த மூவருக்கு இடம் விடுவார்கள். அங்குள்ள ரசிகர் யாரும் அதை அவமானமாக எண்ணுவதில்லை.

சென்னையில் 2023 ஆகஸ்ட் 12 அன்று மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் பலருக்கு நினைவிருக்கும். மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் வெற்றி கோலைப் போட்டார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலும் அந்தக் கால்கள் ஓடின என்றால், இடையிடையே உட்கார்ந்து எழுந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

ஆனால் அடிக்கடி மாற்றுவதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தேநீர்க் கடையில் யாரும் கேட்காத ஒரு விதி இருக்கிறது. பெனால்டி கார்னர் என்று நடுவர் விசில் ஊதிவிட்டால், அது ஆடி முடியும்வரை ஆட்டக்காரரை மாற்றக் கூடாது! ஹர்மன்பிரீத் சிங் இளைப்பாறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து நமக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தால், அவர் பெஞ்சில் இருந்தபடியே பார்க்க வேண்டியதுதான். வேறொருவர் அடிப்பார். எதிரணிக்குக் கிடைத்தாலும் இதே கதை. கோல் கோட்டின் பின்னால் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுவதில் தேர்ந்த ஆள் அந்த நேரம் வெளியே இருந்தால் அவரை அழைக்க வழியில்லை. ஆகவே பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனம் எத்தனை தடவை மாற்றினார் என்பதில் இல்லை, எந்த நொடியில் யாரை வெளியே விட்டிருந்தார் என்பதில் இருக்கிறது. அண்ணாச்சியும் நண்பரும் சண்டை போட வேண்டிய இடம் இதுதான் என்று அன்றே சொன்னேன்.

இனி கோல் கீப்பர். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பெனால்டி கார்னரில் வட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது ஏறக்குறைய 14.6 மீட்டர் தூரத்திலிருந்து, இழுத்து வீசப்படும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், கோல் கோட்டை அடைய அதற்கு அரை நொடிதான் ஆகும். அந்த அரை நொடியில் யோசித்துத் தடுக்க முடியாது. முன்னால் நிற்கும் நால்வரும் எந்தப் பக்கத்தை அடைப்பார்கள், எந்தப் பக்கத்தைத் தனக்கு விடுவார்கள் என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரர் திரும்பிப் பார்க்காமல் ஆடுவது பின்னாலிருந்து வரும் குரலை நம்பித்தான். அந்தக் குரல் மாறினால் பழக நாளாகும்.

ஸ்ரீஜேஷின் பெருமை அவர் தடுத்த பந்துகளில் மட்டும் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்திலிருந்து திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு வந்தவர் அவர். காலில் கட்டும் பேடு வாங்கித்தர அவருடைய அப்பா பசுவை விற்றார். 2006இல் இந்திய அணிக்குள் வந்தார், ஆனால் உடனே நிலையான இடம் கிடைத்துவிடவில்லை. ஆட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி போன்றோரின் நிழலில் பல ஆண்டுகள் காத்திருந்தார். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டி இறுதியில் பாகிஸ்தானை வென்றதில் அவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில், ஆட்டம் முடிய ஆறேழு நொடி இருக்கையில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வரச் செய்தார். 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு விடைபெற்றபோது அவர் ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 336.

இத்தனை பெரிய ஆலமரத்தின் கீழ் இன்னொருவரும் காத்திருந்தார். பஞ்சாபின் கபூர்தலாவைச் சேர்ந்த கிருஷன் பகதூர் பாடக், 2018 முதல் இந்திய அணியில் இருப்பவர். பாரிஸ் ஒலிம்பிக் அணியின் 16 பேரில் கோல் கீப்பருக்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கப்பட்டது. பாடக் மாற்றுப் பட்டியலில் இருந்தார், பதக்கம் வாங்கிய மேடையில் இல்லை.

அப்படியானால் ஓர் ஆட்டத்தையே இரு கோல் கீப்பர்கள் பங்கிட்டுக்கொள்வது எதற்கு? அண்ணாச்சியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் 2023 உலகக் கோப்பை. அதில் ஸ்ரீஜேஷும் பாடக்கும் மாறி மாறி நின்றார்கள். புவனேஸ்வரத்தில் ஜனவரி 22 அன்று நியூசிலாந்தோடு ஆட்டம். 3-1 என்று முன்னணியில் இருந்த நாம் 3-3 ஆக விட்டுக்கொடுத்தோம், ஷூட் அவுட் வந்தது. இதில் அடிப்பவர் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும், எதிரே கோல் கீப்பர் ஒருவரே. ஐந்து ஐந்து வாய்ப்பும் முடிந்து சமமாகி, இனி ஒரு தவறு நடந்தாலும் போயிற்று என்ற கட்டத்தில் ஸ்ரீஜேஷ் காயமடைந்தார். பாடக் உள்ளே போனார். நாம் 4-5 என்று தோற்றோம். தோற்றது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே போகிறவர் அதுவரை போட்டியில் ஒரு பந்தையும் தொடாதவராக இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்ரீஜேஷுக்குப் பின் பாடக்கும் சூரஜ் கர்கேராவும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு இதுவே நியாயம். இவர்கள் இருவரும் இருந்த அணிதான் 2025 செப்டம்பர் 7 அன்று பீகாரின் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது, 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர், அடுத்த ஆட்டத்துக்கு இன்னொருவர் என்று பிரித்துக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். ஓர் ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது நட்பு ஆட்டங்களுக்குச் சரி, இறுதியாட்டத்தில் வேண்டாம். இதில் அண்ணாச்சிக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் அவர் கட்சியில் முழு நம்பிக்கை இல்லை.

புதிய கோல் கீப்பரைத் திட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய ஒரு பழைய கதை உண்டு. 1982 டிசம்பர் 1 அன்று தில்லி ஆசியப் போட்டி இறுதியில் பாகிஸ்தானிடம் இந்தியா 1-7 என்று தோற்றது. கோலில் நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. பதினொரு பேர் ஆடிய ஆட்டத்தின் பழி முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது. பணம் வாங்கிவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் ஹாக்கிப் பக்கமே வரவில்லை. 1998இல் பாங்காக் ஆசியப் போட்டிக்குப் போன அணிக்குக் கோல் கீப்பிங் பயிற்சி தர அவரை அழைத்தார்கள். இறுதியாட்டத்தில் கொரியாவுக்கு எதிராக ஆஷிஷ் பல்லால் பெனால்டி அடிகளைத் தடுக்க, 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வந்தது. அந்த அணியின் தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனே அருகே கட்கியில், வெளிமாநிலத்தில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், உடைந்த மட்டையோடு ஆடிப் பழகியவர்.

இங்கே எங்கள் பகுதியில் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் பள்ளி அணியில் இரண்டாவது கோல் கீப்பர். "மூணு மேட்ச் ஆச்சு சார், என் புள்ளையை ஒரு நிமிஷம்கூட உள்ள விடல. பேசாம நிறுத்திடலாமா?" என்று அவன் அம்மா கேட்டார். நிறுத்த வேண்டாம் அம்மா என்றேன். ஆசிரியரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம், ஒரே ஒரு காரியம் கேளுங்கள், வலுவில்லாத அணியோடு ஆடும்போது அரை ஆட்டம் இவனுக்குத் தரச் சொல்லுங்கள் என்றேன். இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, பள்ளி விட்டபின் கிடைக்கும் வெளிச்சமும் கொஞ்சம். அந்த நேரத்தில் முதல் கோல் கீப்பருக்கே எல்லாப் பந்தையும் அடிக்காமல் இவனுக்கும் பாதி அடிக்க வேண்டும். மட்டையே தேவையில்லாத பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தேன். சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, திரும்பி வருவதை இடக்கையால் தடுப்பது, தினமும் நூறு முறை. வலக்கையில் மட்டை இருக்கும் என்பதால் இடக்கைதான் கோல் கீப்பருக்கு முக்கியம்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பிள்ளைகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பகுதியில், அதாவது பதினைந்து நிமிடத்தில், நம் முன்கள ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை முறை வெளியே போய் வந்தார் என்று குறிக்கட்டும். பெனால்டி கார்னர் கிடைத்தபோது ஹர்மன்பிரீத் உள்ளே இருந்தாரா, வெளியே இருந்தாரா என்று எழுதட்டும். கோல் கீப்பர் எப்போதெல்லாம் கையை நீட்டிச் சத்தம் போடுகிறார் என்பதையும் கவனிக்கட்டும்.

பெனால்டி கார்னருக்கு விசில் ஊதியபின், தடுக்கும் அணியின் கோல் கீப்பருக்கே காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி! அப்போது மட்டும் மாற்று கோல் கீப்பர் உள்ளே வர விதி இடம் தருகிறது.