கடல் தாண்டி வரும் சாமான்: எந்த வழி கட்டுப்படியாகும்?

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த கையோடு, மடுல்சீமைத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் போனில் சீனக் கடைகளைத் திறந்துவிடுகிறார்கள். திரையில் தெரிவது சாமானின் விலை மட்டும்தான். வாசலுக்கு வந்து சேரும்போது அது வேறு விலை.

சாமான் 8,000 ரூபா, அனுப்புகூலி 2,000 என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் இரண்டையும் கூட்டித்தான் தீர்வை போடும். தீர்வை சாமானுக்குச் சாமான் மாறும். 20 வீதம் என்றால் 12,000 ஆகிவிடும். அதற்கும் மேலேதான் வற் வரி ஏறும். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம், அதாவது குறைந்தது 2,160 ரூபா. மொத்தம் குறைந்தது 14,160. மற்ற வரிகளும், அட்டைக்கு வங்கி பிடிக்கும் டாலர் மாற்றுக் கட்டணமும் இதில் சேரவில்லை. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாள் சம்பளத்தில் பார்த்தால், இது பத்து நாளுக்கு மேல் உழைத்த கூலி. சாமான் உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் செலவு தனி.

அடுத்த வழி இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் நமக்கு மாமாவும் சித்தப்பாவும் இருப்பது தற்செயல் அல்ல. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, நம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இங்கே தோட்டத்தில் பழகிய கைகள் குறைந்தன. அதே கைகளுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நாடற்றவர்கள் என்று விடப்பட்டவர்களில் எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைத்தது 2003 சட்டத்தில்தான். அதுவரை பாஸ்போர்ட்டுக்கே வழியில்லாமல் இருந்தவர்களிடம் சாமான் வரத்துப் பற்றி என்ன பேசுவது? அந்தப் பிரிவினையில் நாம் இழந்ததை எந்த மலிவு விலையும் ஈடுகட்டாது என்பது என் எண்ணம். ஆனாலும் உறவு இருக்கிறது, பயன்படுத்தலாம்.

கல்யாணப் பட்டு, ரவிக்கைத் துணி, குத்துவிளக்கு, பிள்ளைகளின் படிப்புப் புத்தகம் போன்றவற்றுக்கு இந்த வழியே நல்லது. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க அங்கே ஒரு ஆள் இருக்கிறார். தபாலில் பார்சலாக அனுப்பினால் இங்கே சுங்கம் பிரித்துப் பார்க்கும், வரியும் கேட்கலாம். ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்துவிட்டால் பயணப் பொதிச் சலுகைக்குள் அடங்கும். ஆனால் விற்கிற அளவுக்குச் சேலை அடுக்கி வந்தால் சலுகை போய்விடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் காங்கேசன்துறையிலிருந்து மடுல்சீமைக்கு வரும் பஸ் செலவைக் கூட்டினால் நமக்கு லாபம் குறைவு.

போன் வாங்க மட்டும் பசறைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுங்கள். சில ஆயிரம் கூடத்தான் போகும். ஆனால் வாரண்டிக்குப் பதில் சொல்ல கடைக்காரர் கண்முன்னே இருப்பார். காசு கொடுக்கும் முன், பதிவான போன்தானா என்று அறிய, பெட்டியில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். பதிவில்லாத போனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். போன் கவர், தையல் மெஷின் பாகம் மாதிரி தொலைந்தாலும் தாங்கக்கூடிய சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் சீனக் கடை போதும்.

எந்த வழியில் வாங்கினாலும் விலாசத்தில் கவனம் வேண்டும். பல லயங்களில் வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதம், பார்சல் எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கேயே கிடக்கும். டிவிஷன், லயன் இலக்கம், அப்பா பெயர், போன் நம்பர் நான்கையும் எழுதுங்கள். முடிந்தால் டவுனில் தெரிந்த கடை விலாசத்தைக் கொடுங்கள். தீபாவளிக்கு வர வேண்டிய சாமானை ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசியில் சொன்னால் கார்த்திகையில்தான் வரும்.