முன்றிற் கூரையும் குறுக்கு விட்டமும்

நம் சங்கப் படிப்பகத்தின் முன்றிலில் மாலை வேளையில் அமர்ந்து பேசாதவர் நம்முள் இரார். அதன் கூரையை அமைத்ததில் எனக்கும் பங்குண்டு. முதல் முறை அதைக் கெடுத்ததிலும் பங்குண்டு. பொறியியல் பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு அதைச் சொல்லுகிறேன்.

முன்றிலின் அகலம் 3 மீட்டர். நீளம் 4 மீட்டர். இருபுறமும் தூண்கள். தூண்களின் தலையில் உத்தரம். அதன் மேலிருந்து இருபக்கமும் சாய்ந்தேறி முகட்டில் கூடும் கைமரங்கள். மேலே ஓடு. உத்தரத்திலிருந்து முகடு 75 சென்டிமீட்டர் உயரம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் முகடுவரை தடையின்றித் தெரியவேண்டும் என்பது என் ஆசை. ஆகவே, எதிரெதிர்க் கைமரங்களின் அடிகளைப் பிணைக்கும் குறுக்கு விட்டங்கள் வேண்டா என்றேன். மிஸ்திரி முதியவர். "கால் அகன்றுவிடும், பாபுஜி" என்றார். முகட்டில் ஒரு பலகை வைத்துக் கைமரங்களை அதில் அறைந்தால் போதும் என்று நான் சாதித்தேன். படித்தவன் பேச்சல்லவா? அதுவே வென்றது.

ஓடு வேய்ந்த மூன்றாம் நாள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தோம். தூண்களின் தலை வெளிப்புறம் சாய்ந்திருந்தது, முகடும் தாழ்ந்திருந்தது.

ஒரு புத்தகத்தை விரித்து, முதுகு மேலாகக் கூடாரம்போல் மேசைமீது நிறுத்தி, முதுகை அழுத்திப் பாருங்கள். அட்டைகள் விலகும். கூரையும் அவ்வாறே. கைமரச் சோடிகள் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமை எனக் கொள்வோம். ஒரு சோடியின்மேல் 180 கிலோ. ஒவ்வோர் அடியும் 90 கிலோவைக் கீழே இறக்கும். அதனோடு நில்லாமல், இந்தச் சாய்வில் வெளிப்புறமாகவும் 90 கிலோ விசையுடன் தள்ளும்! முகட்டைப் பாதியாகத் தாழ்த்தினால் தள்ளுவிசை 180 ஆகும். இதைத் தடுக்கவே குறுக்கு விட்டம். நான் வைத்த முகட்டுப் பலகையோ எதையும் தாங்கவில்லை. கைமரங்களே அதைத் தாங்கி நின்றன.

முகட்டருகே சிறு குறுக்குக் கட்டைகள் அடிக்கலாமே என்றார் ஒரு நண்பர். அவை உச்சி மூட்டு காற்றில் பிரியாமல் காக்கும். கீழே அகலும் அடிகளை நிறுத்தா.

விட்டம் வேண்டாவெனில், முகட்டில் உண்மையாகவே சுமக்கும் ஓர் உத்தரம் வேண்டும். அது கூரையில் பாதியை, அதாவது 600 கிலோவை, ஏற்றுத் தன் இரு முனைகளிலும் உள்ள தூண்களில் முந்நூறு முந்நூறாக இறக்கும். முகடு கீழிறங்காவிட்டால் அடிகளும் விலகா. ஆகவே இங்கே வலிமை மட்டும் போதாது, வளையாமையும் வேண்டும். 75க்கு 150 மில்லிமீட்டர் தேக்கு இச்சுமையில் முறியாது. ஆனால் என் கணக்கில் நடுவே 24 மில்லிமீட்டர் தொய்யும். முகடு தொய்ந்தால் பழைய கதைதான். ஆழத்தை 200 ஆக்கினால் தொய்வு 10 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதையே வாங்கினோம்.

ஓடுகளை இறக்கித் தூண்களை நிமிர்த்தினோம். முகட்டு உத்தரத்தின் முனைகளுக்குத் தனி அடித்தளத்துடன் இரண்டு தூண்கள் நட்டோம். திறந்த முன்றிலாதலால் காற்று அடியிற் புகுந்து கூரையைத் தூக்கும். அதற்காகக் கைமரங்களை உத்தரத்தோடும், உத்தரத்தைத் தூண்களோடும், தூண்களை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டைகளால் பிணைத்தோம். இம்முறை மிஸ்திரியைக் கேட்டே ஒவ்வோர் ஆணியும் அறைந்தேன்.

பழைய முகட்டுப் பலகை வீணாகவில்லை. வாயிலருகே நீங்கள் அமரும் பெஞ்சு அதுதான்.