வாய் இருந்தால் வளைகுடாவில் மருந்து விற்கலாமா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும், பேசத் தெரிந்தால் போதும், துபாயில் மெடிக்கல் ரெப் வேலை கிடைத்துவிடும். வங்கி, காப்பீடு, செல்போன் கடை என்று ஏதோ ஒரு விற்பனை வேலையில் அலுத்துப்போன நம் இளைஞர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அதற்குச் சாட்சியாகச் சொல்லப்படுவது பி.ஆர். ஷெட்டியின் கதை. உடுப்பிக்காரரான அவர் 1973-ல் அபுதாபிக்கு வந்து, வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு மருந்து விற்றார். 1975-ல் என்.எம்.சி. மருத்துவக் குழுமத்தைத் தொடங்கினார். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்பது கேள்வி.

அந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. ஷெட்டி பார்மசி படித்தவர். கையில் இருந்த மருந்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அவர் வந்து இறங்கியபோது அமீரகம் என்ற நாடு உருவாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. இன்று அங்கே மருந்து விற்பனை நடக்கும் விதமே வேறு.

ஒரு மருந்தோ கருவியோ அமீரகச் சந்தைக்கு வர வேண்டுமென்றால் முதலில் அரசிடம் பதிவாக வேண்டும். நெடுங்காலம் சுகாதார அமைச்சகம் பார்த்துவந்த இந்த வேலைக்கென்றே 2023-ல் எமிரேட்ஸ் மருந்து நிறுவனம் என்ற கூட்டரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. சவுதியில் உணவு மருந்து ஆணையம் இதைச் செய்கிறது. மருந்தின் விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. அதற்குமேல் காப்பீடு இருக்கிறது. துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கட்டாயம். அபுதாபியில் அதற்கும் முன்பே கட்டாயமாகிவிட்டது. டாக்டருக்கு உங்கள் மருந்து எவ்வளவு பிடித்திருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் பணம் தராத மருந்தை எழுதினால் நோயாளி கைக்காசு போட்டு வாங்க வேண்டும். பெரும்பாலோர் வாங்க மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளுக்கோ டெண்டர்தான் வழி. சவுதியில் 2009-ல் தொடங்கிய நுப்கோ என்ற அரசு நிறுவனம் மொத்தக் கொள்முதல் செய்கிறது. வளைகுடா நாடுகள் சேர்ந்து மருந்து வாங்கும் கூட்டுக் கொள்முதல் 1970களிலிருந்தே இருக்கிறது.

ஆகவே ஒரு ரெப்பின் உழைப்பில் பெரும்பகுதி பேச்சில் இல்லை. பதிவுச் சான்று காலாவதியாகிறதா, டெண்டரில் கேட்ட தொழில்நுட்ப விவரம் ஒவ்வொன்றுக்கும் நம் கருவியில் பதில் இருக்கிறதா, காப்பீட்டுப் பட்டியலில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அது போகிறது. நம் ஊரில் டாக்டர் அறை வாசலில் காத்திருந்து, சாம்பிள் கொடுத்து, நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர்களைப் பார்த்துப் பழகியவருக்கே இது புதிய உலகம்.

அப்படியானால் யாருக்கு இந்தத் துறை திறந்திருக்கிறது? என் பார்வையில், விற்பனையே தெரியாத செவிலியருக்கும், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனுக்கும், ஆய்வகப் பணியாளருக்கும், பயோமெடிக்கல் இன்ஜினியருக்கும். வெண்டிலேட்டர் ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து இறங்கியதும் அங்குள்ள செவிலியர்களுக்கு அதை இயக்கக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும். நள்ளிரவில் அலாரம் ஏன் அடிக்கிறது என்று போனில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு எந்தெந்த அளவு இம்ப்ளான்ட் தட்டில் இருக்க வேண்டும் என்று முந்தின நாளே சரிபார்த்து, அறுவை நடக்கும்போது அறையில் நிற்கவும் வேண்டும். அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், புராடக்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று விளம்பரங்களில் வருவது இந்த வேலைதான். இதை எம்.பி.ஏ. பாடம் கற்றுத்தராது. பத்து ஆண்டு வார்டில் நின்ற அனுபவம் கற்றுத்தரும். “எனக்கு விற்கத் தெரியாது” என்று ஒதுங்கும் நம் செவிலியர்கள் தங்கள் கையில் இருக்கும் சொத்தின் மதிப்பை அறியாமல் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். பயோமெடிக்கல் படித்தவர்கள் முதலில் சர்வீஸ் பிரிவில் சேர்ந்து, கருவியைக் கழற்றி மாட்டிப் பழகி, பிறகு விற்பனைக்கு மாறுவது நல்ல வழி.

அரபி தெரியாவிட்டால் வேலையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். துபாய், ஷார்ஜா தனியார் மருத்துவமனைகளில் ஆங்கிலம் போதும். இந்தி, மலையாளம் தெரிந்தால் இன்னும் நல்லது. மருந்து ரெப் வேலைகளில் எகிப்து, ஜோர்டான், சிரியாவிலிருந்து வந்த அரபி பேசும் பார்மசிஸ்ட்டுகளோடு போட்டி போடுவது கடினம். கருவிகள், ஆய்வகப் பொருட்கள் பக்கம் நமக்கு இடம் அதிகம்.

அமீரக ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால் விண்ணப்பமே நகராத இடங்கள் நிறைய. இந்திய உரிமத்தை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். அங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் பெற வேண்டும். அதற்குப் பல ஆயிரம் திர்ஹம் ஆகும்.

பெரிய வெளிநாட்டுக் கம்பெனியில் சேரப்போகிறோம் என்ற எண்ணம் இன்னொன்று. கருவியின் மேல் இருப்பது ஜெர்மன் பெயராகவோ அமெரிக்கப் பெயராகவோ இருக்கும். உங்களுக்குச் சம்பளம் தருவதோ பெரும்பாலும் அதை இறக்குமதி செய்யும் உள்ளூர் டிஸ்ட்ரிபியூட்டர். அங்கே விற்பவரே பணத்தையும் வசூலிக்க வேண்டியிருக்கும். தனியார் மருத்துவமனைகள் சரக்கைக் கடனுக்கு வாங்கி மாதக்கணக்கில் கழித்துத் தருவது வழக்கம். வசூலாகாத தொகைக்கு இன்சென்டிவ் கிடையாது என்று பல கம்பெனிகளில் விதி. ஷெட்டி தொடங்கிய என்.எம்.சி. லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. கணக்கில் காட்டாத பெருங்கடன் வெளிப்பட்டு, 2020 ஏப்ரலில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளிடம் போனது. பெரிய பெயர் என்பதற்காக எல்லையில்லாமல் கடனுக்குச் சரக்கு தள்ளக் கூடாது என்று வளைகுடா விற்பனையாளர்களுக்கு அது உணர்த்தியிருக்க வேண்டும்.

சவுதிக்குப் போக நினைப்பவர்கள் ஒரு கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 2022-ல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி மருத்துவக் கருவி விற்பனை, விளம்பரப் பணியிடங்களில் முதல் கட்டமாக 40 விழுக்காடும் அடுத்த கட்டத்தில் 80 விழுக்காடும் சவுதி குடிமக்களுக்கு. கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியியல், தொழில்நுட்பப் பணிகளில் இது 30, 50 விழுக்காடு. கருவியைத் தொடத் தெரிந்தவருக்கு அங்கேயும் கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது.

சம்பளத்துக்கு வருவோம். “வரி இல்லை, கமிஷன் கொட்டும்” என்பதைக் கேட்டு மயங்குபவர்கள் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் படிப்பதே இல்லை. அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். வீட்டு வாடகைப் படி, கார் படி எதுவும் இந்தக் கணக்கில் வராது. மாதம் 8,000 திர்ஹம் பேசி, அதில் அடிப்படை 3,000 மட்டும் என்று எழுதியிருந்தால் ஐந்து ஆண்டு முடிவில் 10,500 திர்ஹம். அதே 8,000-த்தில் அடிப்படை 5,000 என்றிருந்தால் 17,500. மாதச் சம்பளம் ஒன்றே. கடைசியில் கைக்கு வருவதில் 7,000 திர்ஹம் வித்தியாசம். போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையையும் தேடிப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி அது இரண்டு ஆண்டுக்கு மேல் செல்லாது. அந்த இரண்டு ஆண்டே இந்தச் சிறிய துறையில் ஒருவரை முடக்கப் போதும். தமிழ்நாட்டில் ரெப்களுக்குத் தொழிலாளர் சட்டமும் சங்கமும் துணை. அமீரகத்தில் தொழிற்சங்கம் கிடையாது. கையெழுத்திட்ட தாள்தான் துணை.

விசிட் விசாவில் போய்ச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே விசா மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். பெர்மிட் இல்லாமல் வேலை வாங்கும் முதலாளிக்கு 2024 முதல் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். பிடிபட்டால் தொழிலாளியின் நிலையும் மோசம். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை அமீரகச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. லட்சங்களில் கேட்பவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பட்டச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் என்ற சான்றொப்ப முத்திரை மட்டும் இருந்தால் ஓமன், பஹ்ரைன், சவுதிக்குச் செல்லும். அமீரகத்துக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். அமீரக மனிதவள அமைச்சகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் தமிழிலும் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.