வீடு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்



குழுவில் சேமித்து, பேங்க் லோன் போட்டு, சொந்த வீடு வாங்கும் அளவுக்கு நம்மில் பலர் வந்துவிட்டோம். பாவூர்சத்திரம் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால் என்ன பார்க்கிறோம்? பத்திரம், வில்லங்கம், பட்டா, வாசல் எந்தத் திசை. எல்லாம் சரிதான். தண்ணீரும் கரண்டும் சேருகிற இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நம் வீட்டில் அது கிணற்று மோட்டாரும் குளியலறை ஹீட்டரும். குற்றாலம் பக்கத்து சீசன் வீடுகளில் நீச்சல் தொட்டியும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கும். ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான். காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும், நனைந்த உடம்பு தடுக்காது.

"எம்.சி.பி. இருக்குக்கா, பயப்படாதீங்க" என்று விற்பவர் சொல்வார். எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். உயிரைப் பறிக்கவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்! ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. கடையில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வெளியே கசிந்தாலே கண்மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். 100, 300 என்று எழுதியிருந்தால் அது ஆளைக் காக்காது, 30 என்றே இருக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். மார்பிள் தரையை ஆசையாகக் காட்டுகிறவர் மெயின் போர்டைக் காட்டத் தயங்கினால் நாம் உஷாராக வேண்டும்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பதுண்டு. பிறகு குழாய் துருப்பிடித்து, பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் மண்ணுக்கு இறங்காது. பார்த்தால் எர்த் இருக்கும், வேலை செய்யாது. எர்த் சரியாக இருந்தால், ஹீட்டர் உடம்பில் கரண்ட் கசிந்த உடனே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லை என்றால், ஒருவர் கை வைக்கிற வரைக்கும் அந்தக் கசிவு தெரியவே தெரியாது. அதனால் எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாரல் காலத்தில் போனால் இன்னும் நல்லது, சுவரில் ஈரம் இறங்கும் இடமெல்லாம் தெரிந்துவிடும்.

நீச்சல் தொட்டி இருந்தால், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்தானா, இரும்பு ஏணியும் பம்பும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரிபார்த்து முடிக்கும்வரை அதில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்யுங்கள். ரிப்பேர் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். கிரயம் முடிந்ததும் மின் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வரும் ஒயரில் பழுது தெரிந்தால் தொடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.