மலைவளமும் மரக்கலமும்

கள்ளக்குறிச்சியின் மேற்கே நெடிதுயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. அதன்மீது பொழியும் மழைநீர் கோமுகி, மணிமுக்தா என்னும் ஆறுகளாய் இழிந்து, வயல்களை வளப்படுத்தி, வெள்ளாற்றொடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகின்றது. மாணவர்களே! மலைநீர் கடலை நாடுதல் போலவே மலைப்பொருளும் கடலை நாடும்.

கடற்கரையே இல்லாத மாவட்டம் கள்ளக்குறிச்சி. “எங்களுக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு?” என நீங்கள் வினவலாம். கல்வராயன் மலைக் கடுக்காயே அதற்கு விடை கூறும். மலைவாழ் மக்கள் காடுகளில் அலைந்து திரட்டும் இக்காய், மருந்தாவதோடு, தோல் பதனிடுதற்கு வேண்டிய துவர்ப்பும் உடையது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுக் கடுக்காய் பெருந்தொகையாகக் கப்பலேறி, ஐரோப்பியத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை அடைந்தது. அயல்நாட்டார் கொடுக்கும் விலையில், கப்பற் கூலியும் வணிகர் ஊதியமும் போக எஞ்சுவதே பொருளைத் திரட்டியோர்க்கு வந்து சேரும். ஆதலின், கடலிற் கூலி ஏறினால் மலையில் வரவு குறையும். கடலைக் கண்டறியாதவரும் கப்பலால் வாழ்வதும் தாழ்வதும் இவ்வாறே.

இன்று உலக நாடுகள் தம்முள் மாற்றிக்கொள்ளும் சரக்கில், அளவால் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேற்பட்டது கடல்வழியே செல்கின்றது. காரணம் யாது? கலத்தின் சுமையை நீரே தாங்குகின்றது. மிதக்கும் பொருளை மெல்லச் செலுத்தச் சிறிது ஆற்றலே போதும். முன்னாளில் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கியமையால், கப்பல்கள் துறைமுகங்களிற் பல நாள் காத்துக் கிடந்தன. 1956-ஆம் ஆண்டில் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர், சரக்கடைத்த 58 பெரும்பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கொள்கலன் முறை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. காலமும் செலவும் குறைந்தன.

கடல் வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் மலைதரு சந்தனமும் அகிலும் பிற பண்டங்களும் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதையும் பட்டினப்பாலையால் அறிகின்றோம். ஆயின், பிற்காலத்தில் பொருள் நமதாகவும் கலம் பிறரதாகவும் ஆயிற்று.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் வ. உ. சிதம்பரனார். அவர் 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் குழுமத்தை நிறுவினார். ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாயாகப் பத்து இலட்சம் ரூபாய் முதல் திரட்டுதல் அதன் நோக்கம். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே அவை ஓடக் கண்ட ஆங்கிலக் குழுமத்தார், போட்டியாகக் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தனர். மக்கள் ஆதரவு தளராமை கண்ட அரசினர், 1908-இல் சிதம்பரனாரைச் சிறைப்படுத்தினர். தலைவனை இழந்த குழுமம் 1911-இல் கலைக்கப்பட்டது. சிறையிற் செக்கிழுத்த அப்பெருமகனாரின் பெயரையே தூத்துக்குடித் துறைமுகம் இன்று தாங்கி நிற்கின்றது.

அவர் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதா? இல்லை. நாடு விடுதலை பெற்றபின், 1961-இல் இந்தியக் கப்பற் கழகம் தோன்றியது உண்மையே. எனினும், நம் அயல்நாட்டு வாணிகச் சரக்கில் பெரும்பகுதி இன்றும் பிறர் கப்பல்களிலேயே செல்கின்றது. 2021-ஆம் ஆண்டில் கொள்கலன்கள் கிடைத்தற்கு அரியவாகிக் கப்பற் கூலி பன்மடங்கு உயர்ந்தபோது, அதனைக் கொடுப்பதன்றி நம் வணிகர்க்கு வேறு வழியில்லை.

மாணவர்களே! விளைவித்தல் ஒரு பாதி. விளைந்ததைக் கொண்டு சேர்த்தல் மறு பாதி. உங்களுள் சிலர் கலம் கட்டும் பொறியாளராகவும், கலம் செலுத்தும் மீகாமராகவும் விளங்குதல் வேண்டும். மலையடிவாரத்திற் பிறந்தோர்க்குக் கடல் தொலைவன்று. கோமுகி நாள்தோறும் காட்டும் வழி அதுவேயன்றோ?