தேன்கூட்டுப் பலகையின் வலிமையைச் சோதித்தல்

ஆகாய விமானங்கள் பலவற்றின் தளத்தையோ சுக்கானையோ அறுத்துப் பார்ப்போமாயின், மெல்லிய இரு தகடுகளுக்கிடையே அறுகோண அறைகளாலாகிய இலேசான கூடொன்று பசையால் ஒட்டப்பெற்றிருக்கக் காண்போம். இதுவே தேன்கூட்டுப் பலகை.

இப்பலகைமீது பாரம் ஏற்றின், அது வளையும். அப்பொழுது மேல்தகடு நெருக்குண்ணும், கீழ்த்தகடு இழுபடும், கூடோ அவ்விரண்டும் தனித்தனியே வழுக்காவண்ணம் சறுக்கு விசையைத் தாங்கும். கூட்டின் சறுக்கலைக் கணக்கிற் கொள்ளாவிடின், தகடுகளின் இடைவெளி இருமடங்காக, விறைப்பு ஏறக்குறைய நான்மடங்காகும். எடையோ சிறிதே கூடும்.

இனி, சோதனைகளைக் காண்போம். முதலாவது அமுக்கச் சோதனை. சதுரத் துண்டொன்றைச் சமதளங்களிரண்டன் நடுவே வைத்து அமுக்க, ஓர் எல்லையில் அறைச்சுவர்கள் மடிந்து பாரம் சட்டெனக் குறையும். அவ்வுச்ச பாரத்தைத் துண்டின் பரப்பால் வகுக்கக் கிடைப்பது கூட்டின் அமுக்க வலிமை.

இரண்டாவது வளைவுச் சோதனை. பலகையை இரு தாங்கிகள்மேல் வைத்து இடையில் பாரமேற்றுவர். தாங்கிகள் நெருங்கியிருப்பின் கூடு சறுக்கால் முறியும்; மிக விலகியிருப்பின் தகடே முன்னர்க் கெடும். மேலும், நாடாக்களை ஒட்டி விரித்த கூடு, நாடா ஓடும் திசையில் சறுக்கை மிகுதியாய்த் தாங்கும். குறுக்கே குறைவாய்த் தாங்கும். ஆகலின் இரு திசைகளிலும் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது இழுவைச் சோதனை. தகடுகளின் வெளிப்புறத்தில் கட்டைகளை ஒட்டி, எதிரெதிரே இழுப்பர். கூடு கிழிந்தால் ஒட்டு நன்று. தகடு கூட்டினின்று வழித்தெடுத்தாற்போல் பிரிந்தால் ஒட்டுத் தீது.

ஒட்டின் சிறப்பு யாது? 2005 மார்ச் 6-இல் கியூபாவின் வராதேரோவினின்று கியூபெக் நோக்கிப் பறந்த ஏர்பஸ் ஏ310 விமானமொன்றின் சுக்கான் நடுவானில் பிய்ந்துபோயிற்று. விமானம் வராதேரோவுக்கே திரும்பி இறங்கியது; உயிர்ச்சேதமில்லை. அச்சுக்கான் தேன்கூட்டு அமைப்பினது. தகடு கூட்டினின்று விட்டிருத்தலோ, கூடு உள்ளே முறிந்திருத்தலோ காரணமாகலாமென்றும், அத்தகைய சேதமனைத்தையும் கண்டறிய அந்நாளைய பரிசோதனை முறை போதாதென்றும் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் முடிவு கூறினர்.

குடத்தைத் தட்டி ஓசையால் விரிசல் அறிதல் போலப் பலகையையும் தட்டிப் பார்ப்பதுண்டு. ஒட்டுவிட்ட இடம் மந்தமாய் ஒலிக்கும். ஆயினும் ஆழ்ந்த குறையை அவ்வோசை காட்டாமலும் போகலாம். ஆதலால், மாணவர்களே, முறித்த பாரத்தை மட்டுமன்றி, முறிந்த இடத்தையும் விதத்தையும் தவறாது குறித்தல் நம் கடன்.